பச்சை விளக்கும் ஒரு துண்டு வயரும்

போகியன்று காலையில் மெட்ராசுக்கு விமானத்தில் வரக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். எங்கள் தெருவில் பழைய பாயோடு டயரையும் போட்டுக் கொளுத்துகிற கூட்டத்தில் நானும் ஒருவன்தானே. பனியோடு அந்தப் புகையும் சேர்ந்தால் எதிரே வருகிற லாரியே தெரியாது. இருந்தும் புனேயிலிருந்து விடியற்காலை விமானத்தில் ஏறினேன். ஒன்பதரைக்குள் நான் கும்மிடிப்பூண்டியில் இருந்தாக வேண்டும்.

அங்கே ஒரு இரும்புக் கம்பி ஆலையில் மீட்டர், அலாரம் எல்லாம் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் நான். பழுது பார்ப்பதற்காக, கேஸில் எரியும் ஃபர்னஸை இரண்டு நாள் அணைத்திருந்தார்கள். கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்று உண்டு. அதன் சென்சார் பழசு. கிரைண்டிங் தூசி பட்டாலே போதும், ஊரைக் கூட்டிவிடும். வேலை செய்த ஃபிட்டர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். புது சென்சார் வாங்கிவர என்னைப் புனேக்கு அனுப்பினார்கள். கிளம்பும் அவசரத்தில் ஒரு துண்டு வயரைக் குறுக்கே போட்டு அலாரத்தின் வாயை அடைத்துவிட்டுப் போனேன். இனி கேஸ் கசிந்தாலும் கசியாவிட்டாலும் பேனலில் பச்சை விளக்குதான் எரியும்.

இந்த மாதிரி வயரை ரிஜிஸ்டரில் எழுதுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. எழுதினால் சேஃப்டி ஆபீசர் நூறு கேள்வி கேட்பார். போட்டவன் வந்து எடுத்துவிடுவான், அவ்வளவுதான். நானும் போகியன்று ஒன்பதரைக்கு ஃபர்னஸைப் பற்றவைக்கும் முன் போய் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பற்றவைக்கப் போகிறவன் என் தங்கை புருஷன்.

விமானம் இறங்கத் தொடங்கியது. சன்னலில் அழுக்குப் பஞ்சைத் தவிர ஒன்றுமில்லை. சக்கரங்கள் கீழே வரும் சத்தம்கூடக் கேட்டுவிட்டது. திடீரென்று என்ஜின் அலறியது, மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போனோம். பைலட் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். இறங்கும் சரிவைக் காட்ட விமானத்தில் இரண்டு கருவிகள் உண்டாம். சரியான உயரத்தில் வருகிறோம் என்கிறதாம் ஒன்று, மிகத் தாழ்வாக வருகிறோம் என்கிறதாம் மற்றொன்று. எது பொய் என்று தெரியாமல் இந்தப் புகையில் இறக்க முடியாது, ஐதராபாத்துக்குப் போகிறோம் என்றார். ஐதராபாத்தா!

பக்கத்து சீட்டில் ஆரணிக்காரர் ஒருவர், அரிசி மண்டி வைத்திருப்பவர். அவர் குதித்தார். "இன்னாப்பா அநியாயம் இது! தோ, கீழதான கீது மெட்ராசு? ரெண்டுல ஒண்ண நம்பி எறக்க வேண்டிதான?"

ஏற்கெனவே எரிச்சலில் இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்துப் போன மீட்டர்னா பரவால்ல அண்ணே, யாரும் நம்ப மாட்டாங்க. ஓடிகினே பொய் சொல்ற மீட்டர்தான் ஆளக் கொல்லும்!" என்று கத்தினேன். சொல்லி வாயை மூடிய பிறகுதான் உறைத்தது. ஆலையில் அப்படி ஒன்றைச் செய்துவைத்துவிட்டு வந்தவனே நான்தான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் புலம்பியது எதுவும் என் காதில் விழவில்லை.

ஐதராபாத்தில் தரை தொட்டபோது எட்டே முக்கால். தங்கை புருஷனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஃபர்னஸ் ஆட்கள் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சூப்பர்வைசரும் எடுக்கவில்லை. போகிக்கு வீட்டில் வடை தின்றுகொண்டிருந்தாரோ என்னவோ! கடைசியில் கேட் செக்யூரிட்டிதான் கிடைத்தார்.

"கேட்ட உட்டுட்டு போவ முடியாது சார்."

"யோவ், உன் கால்ல உழறேன்யா! போன எடுத்துகினு ஃபர்னஸாண்ட ஓடுய்யா!"

ஓடினார். அவர் மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஆலை அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு தங்கை புருஷனின் குரல் வந்தது.

"இன்னா மச்சான், இப்டி கத்திகினு கீற? எல்லாம் ரெடி. பச்ச எரியுது. நீ பார்த்த பேனலுதான, அப்றம் இன்னா? சும்மா பேஜார் ஆவாத."

"கேஸ் இல்லன்னு எரியல மாப்ள. நான் வயர் போட்டு வச்சதால எரியுது. லைன மூடிட்டு எல்லாரையும் வெளிய இஸ்துகினு வா."

கொஞ்சம் தள்ளி, வால்வை மூடச் சொல்லி அவன் யாரிடமோ கத்துவது கேட்டது. நான் சீட்டில் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். ஆரணிக்காரர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்து வயரைப் பிடுங்கினேன். புது சென்சாரை மாட்டிவிட்டு, கேஸ் லைனைக் கொஞ்சமாகத் திறக்கச் சொன்னேன். அலாரம் அலறியது. இந்த முறை தூசி இல்லை. பழுது பார்த்த இடத்தில் ஒரு போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டிருந்தார்கள். தங்கை புருஷன் பேனலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

இப்போதெல்லாம் எந்த வயர் போட்டாலும் ரிஜிஸ்டரில் எழுதிவிடுகிறேன். எழுதி என்ன? லீவு நாளில்கூடக் காலையில் போன் வருகிறது. ஃபர்னஸைப் பற்றவைக்கும் முன்னால் அவன் கேட்பது ஒரே கேள்விதான்.

"மச்சான், பச்ச எரியுது. நம்பலாமா?"