வெறுமையாய் விட்ட கட்டம்

துணுக்காயில் பாட்டுப் பதிய வேண்டுமென்றால் பிரசாந்தனிடம்தான் போக வேண்டும். வேறு ஆளில்லை என்பது ஒரு காரணம். அவன் யாரையும் மறுத்துப் பேச மாட்டான் என்பது அதைவிடப் பெரிய காரணம். கைத்தொலைபேசி திருத்தும் கடைக்குப் பின்னால் ஒரு அறை, சுவரெல்லாம் பழைய மெத்தைப் பஞ்சு, ஒரு கணினி, ஒரு ஒலிவாங்கி. உழவு இயந்திரங்கள் ஓய்கிற மத்தியான நேரமாகப் பார்த்துத்தான் பதிவு நடக்கும். அப்போதும் எங்கிருந்தாவது ஒரு மயில் கத்தித் தொலைக்கும். முதலிலிருந்து பாட வேண்டும்.

பதினொரு வருடத்தில் முப்பத்தாறு இறுவெட்டுகள், அதாவது பாட்டு சீடிகள், அவன் கையால் வெளியாகியிருக்கின்றன. ஒன்றிலாவது அவன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். வெளியீட்டு விழாவில் தேநீர் ஊற்றியவரின் பெயர்கூட நன்றிப் பட்டியலில் இருக்கிறது.

இந்த முறை கதை வேறு. அம்மன் கோயில் இறுவெட்டின் எட்டுப் பாட்டுக்கும் மெட்டு அவனுடையது. வரிகள் சின்னராசா சேர் எழுதியவை. பள்ளிக்கூடமொன்றின் ஓய்வுநிலை அதிபர், சமாதான நீதவான், கோயில் பரிபாலன சபைச் செயலாளர். இதில் ஒன்றை விட்டுவிட்டுக் கூப்பிட்டால் மனுசன் திரும்பிப் பார்க்க மாட்டார். அவருடைய வரிகளைத் தாளத்துக்குள் அடக்க பிரசாந்தன் பட்ட பாடு அந்த அம்மனுக்குத்தான் தெரியும். ஒரு வரி மூச்சு முட்டுகிற நீளம். அடுத்தது இரண்டே சொல். பாடகி தனுஷா மூன்றாவது பாட்டைப் பாடி முடித்துக் கண்ணைத் துடைத்தபோது அவனுக்கு வாழ்க்கையில் முதன்முதலாக ஆசை வந்தது. இதில் என் பெயர் வர வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இறுதி மெருகு போடுகிற பாலன் கண்டிப்பானவன். பாட்டுகள் வரிசை எண்ணோடு தனித்தனிக் கோப்பாக வர வேண்டும். சத்தம் உச்சத்தில் முட்டாமல் கொஞ்சம் இடம் விட்டிருக்க வேண்டும். கூடவே ஒரு விவரத் தாள். பாடல், வரிகள், இசை, குரல், நேரம், கடைசியில் நன்றிப் பட்டியல்.

"தாளில என்ன இருக்கோ அதுதான் உலகம் முழுக்கப் போகும் அண்ணை. பிறகு மாத்தேலாது" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டான்.

பிரசாந்தன் இரண்டு நாள் குந்தியிருந்து தாளை நிரப்பினான். 'இசை' என்ற கட்டத்தை மட்டும் எட்டுப் பாட்டுக்கும் வெறுமையாய் விட்டான்.

எட்டிப் பார்த்த மனைவி மேனுகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதென்ன, மெட்டு வானத்திலயிருந்தோ விழுந்தது? உங்கட பேரைப் போடுங்கோவன்."

"என்ர பேரை நானே போட்டா நல்லாவோ இருக்கும்? சபையில காட்டேக்க அவையளே சொல்லுவினம், தம்பி உன்ர பேரைப் போடு எண்டு."

"சொல்லுவினம், சொல்லுவினம். இருந்து பாருங்கோ."

ஞாயிற்றுக்கிழமை சபையில் தாள் கைமாறியது. ஒவ்வொருவரும் முதலில் தன் பெயரைத் தேடினார்கள். தலைவருக்குத் தன் முதலெழுத்தில் ஒரு புள்ளி குறைந்துவிட்ட கவலை. சுவிஸிலிருந்து உதவியவரின் பெயரை இன்னும் மேலே ஏற்ற வேண்டுமென்று ஒரு சண்டை. கடைசியில் தலைவரின் விரல் அந்த இடத்துக்கு வந்தது.

"இதென்ன தம்பி, இசை எண்ட இடம் வெறுமையாக் கிடக்கு?"

பிரசாந்தன் தலையைக் குனிந்துகொண்டான். "அது... நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ ஐயா."

பார்த்தார்கள். "அம்மன்ர காரியம், வெறுமையா விடக்கூடாது. சேரின்ர பேரையே போடுவம்" என்றார் தலைவர்.

"சீச்சீ, எனக்கென்னத்துக்கு இதெல்லாம்" என்று சின்னராசா சேர் கையை உயர்த்தினார். அடடா, பிரசாந்தன் வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்து வந்த அதே வசனம்! சபை வற்புறுத்தியது. அவர் மறுபடி மறுத்தார். மூன்றாம் முறை இரங்கினார். "உண்மையைச் சொன்னா, எழுதேக்கையே அந்த மெட்டு எனக்குள்ள ஓடினதுதான். தம்பி அதை வடிவாப் பிடிச்சிட்டார். என்ன தம்பி?"

ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் அடித்திருக்க மாட்டார்கள்.

"ஓம் சேர்" என்றான் பிரசாந்தன். அன்று பின்னேரமே அவருடைய பெயரைப் பட்டங்களோடு எட்டுத் தரம் தட்டச்சுச் செய்து பாலனுக்கு அனுப்பினான். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

இறுவெட்டு வெளியாகி, அதே விவரத் தாளோடு பாட்டுகள் இணையத்திலும் ஏறின. மூன்றாவது பாட்டு நெடுங்கேணி பஸ்ஸில் ஓடியது, கல்யாண வீடுகளில் ஓடியது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த மேனுகா, ஒருநாள் அவனைப் பிடித்து இருத்தி, அந்தப் பாட்டின் இசைத் தடத்தை ஓடவிட்டு, அவனைப் பாடவைத்துத் தொலைபேசியில் படம் பிடித்தாள். 'மெட்டுப் போட்டவரே பாடுகிறார்' என்று தலைப்பும் கொடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டாள்.

தேநீர் ஆறவில்லை, அறிவித்தல் வந்துவிட்டது. இந்த இசை வேறொருவருக்குச் சொந்தமானது, காணொளி தடைசெய்யப்பட்டுள்ளது. உரிமையாளர்: ஓய்வுநிலை அதிபர், சமாதான நீதவான் சின்னராசா. ஆட்சேபம் இருந்தால் ஆவணத்தோடு தெரிவிக்கவும்.

ஆவணமென்று உலகத்தில் இருந்தது ஒரே ஒரு தாள், அவனே தட்டச்சுச் செய்து அனுப்பியது. பிரசாந்தன் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சேருக்கே தொலைபேசி எடுத்தான்.

சேர் நல்ல மனுசன். "அதுக்கென்ன தம்பி, பயப்படாதையும். என்ர இசையைப் பாவிக்க அனுமதி வேணுமெண்டு ஒரு கடிதம் எழுதித் தாரும். கையெழுத்து வைச்சுத் தாறன்."

"எழுதப் போறியளோ?" என்று கேட்டாள் மேனுகா. அவள் குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

அவன் கணினியைத் திறந்தான். 'தாங்கள் இசையமைத்த பாடலை நான் பாடுவதற்கு' என்று தொடங்கினான். கண் கலங்கி எழுத்துகள் மங்கின. துடைத்துக்கொண்டு முடித்தான். கீழே 'விண்ணப்பதாரர்' என்று போட்டு, ஒருவரும் சொல்லாமலே தன் முழுப் பெயரையும் எழுதினான்.