மண்சாலையில் ஒரு மொபட்

கருப்பசாமி அண்ணே, உன் மொபட்டை யாரும் அழிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பிறந்த ஓர் ஓவியர், சின்ன வயதில் பார்த்த மலையையும் கண்மாயையும் படமாக வரைந்திருந்தார். அதைப் பார்த்து ராஜபாளையத்தில் எங்கள் தெருக்காரர்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் வரைந்தோம். படத்தைக் கட்டங்களாகப் பிரித்து வீட்டுக்கு ஒரு கட்டம். எங்கள் கட்டத்தில் வெறும் மண்சாலைதான். அண்ணன் அதில் மாங்காய் மூட்டையோடு தன் மொபட்டையும் வரைந்துவிட்டான். அடுத்த வாரம் அதே வண்டியில் போனவன் லாரி மோதி இறந்துபோனான்.

தப்பாக வரைந்ததை அழித்துத் திருத்தும் வேலை பெயிண்ட் கடை பாய்க்கு. ஒல்லியான ஆள். பிரஷைத் தன் சட்டைக் கையில்தான் துடைப்பார். எங்கள் சுவரில் உள்ள எல்லா நிறமும் அந்தக் கையில் இருந்தது. வெள்ளை பெயிண்ட் டப்பாவோடு எங்கள் கட்டத்துக்கு வந்தார்.

"அந்த ஓவியரு சின்னப்புள்ளையில மாட்டுவண்டிதானம்மா இருந்துச்சு. பெட்ரோல் போட்டுட்டு வந்தது யாரு?"

"எங்க அண்ணன் பாய். இப்ப அவன் இல்ல." அழுதுவிட்டேன்.

பாய் டப்பாவை மூடினார்.

"அழாத தாயி. வண்டிய நிப்பாட்டியில்ல வச்சிருக்கான்!"

சக்கரத்துக்குப் பின்னால் செம்மண் புழுதி வரைந்தார். வண்டி மலையைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. பிரஷைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. நல்லா இருக்கட்டும் அந்த மனிதர்.

எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், எல்லோரும் என் அண்ணனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.