குளித்த பிறகு கொடுக்க வேண்டிய மனு

எங்கள் கல்லூரிக்குச் சிறப்பு விருந்தினராக யாரைக் கூப்பிட்டாலும் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற மாதங்களில்தான் வருவார்கள். பேச்சு ஒரு சாக்கு, குளியல்தான் விஷயம். தென்காசியில் கல்லூரி நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அருவியைப் பார்த்துவிட்டுத்தான் அழைப்பிதழே அடிப்பார்கள்.

நான் மாணவர் பேரவைத் தலைவரான வருடம், தலைமைப் பண்பு என்று முதலில் கற்றுக்கொண்டது விருந்தினர் அருவிக்குள் நுழையும்போது அவருடைய கண்ணாடியையும் செல்போனையும் நனையாமல் பிடித்துக்கொண்டு நிற்பதைத்தான். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆளைப் பிடித்து வருவது அடுத்த பாடம். ஓட்டுக் கேட்டபோது இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் வாக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்று, பஸ். சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்திலிருந்து வரும் பஸ்கள் குளித்த கூட்டத்தோடு பிதுங்கி வரும், கல்லூரி வாசலில் நிற்காது. ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளைகள் வீடு சேர இருட்டிவிடும். பேரவைச் செயலாளர் அந்தப் பக்கத்துப் பெண், என் வகுப்புத் தோழி. தலைவர் பையன், செயலாளர் பெண் என்பது எங்கள் கல்லூரி வழக்கம். வேலை முழுக்க யார் செய்கிறார்கள் என்று கேட்கக்கூடாது. பட்டாளத்தில் இருக்கும் அவள் அண்ணன் போனிலேயே சட்டம் போட்டிருந்தான்: "இன்னொரு நாள் இருட்டுனப்பொறவு வீட்டுக்கு வந்தா, படிச்சது போதும்." சீசன் முடியும்வரை சாயங்காலம் கல்லூரி வாசலிலிருந்து ஒரு பஸ் கிடைத்தால் அவள் படிப்பாள். இல்லையென்றால் அவ்வளவுதான்.

அந்த முறை வந்தவர், ஒரு வார்த்தை சொன்னால் பஸ் வந்துவிடும் என்கிற அளவுக்குப் பெரிய அதிகாரி. மனுவை அவள்தான் எழுதினாள். காலையிலேயே கொடுத்துவிடலாம் என்று கிளம்பிய என்னைக் கல்லூரி முதல்வர் தடுத்தார்.

"ஏலே, வந்ததும் வராததுமா மனுவ நீட்டாத. மொதல்ல குளிக்கட்டும். குளிச்ச மனுசன் எதுக்கும் தலையாட்டுவான்."

அன்று பார்த்து மலையில் நல்ல மழை. பெரிய அருவியில் வெள்ளம், போலீஸ் தடை. ஐந்தருவிக்கு ஓடினோம், அங்கேயும் தடை. கடைசியில் புலியருவி. அங்கே பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள்தான் குளிப்பார்கள். உடம்பெல்லாம் எண்ணெயோடு அதிகாரி அவர்களுக்கு நடுவே நிற்க, "தாத்தா, தள்ளி நில்லுங்க" என்றது ஒரு வாண்டு. அவர் முகம் சுண்டிப்போனது.

மழையை நான்தான் பெய்யவைத்தேன் என்பதுபோல முதல்வர் என்னை முறைத்தார். "இனி மனு கினுன்னு வாயத் தெறந்த, தொலச்சிருவேன் பாத்துக்கோ."

மத்தியானம் விழா. செயலாளரை வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு நன்றியுரை. எழுதிக் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மைக்கில் பஸ்ஸைக் கேட்டேன். சாயங்காலம் எங்கள் பிள்ளைகள் படும் பாட்டை ஒன்றுவிடாமல் சொன்னேன். அரங்கமே கைதட்டியது. அதிகாரி எழுந்து வந்தார். பஸ் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் தமக்குப் போட்ட பொன்னாடையை எடுத்து என் தோளில் போர்த்தினார்.

"என்ன துணிச்சல்! என்ன பேச்சு! இப்படிப்பட்ட தலைவர்கள்தான் நாட்டுக்குத் தேவை."

அவ்வளவுதான். பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதல்வரே பலமாகக் கைதட்டினார். நான் நீட்டிய மனுவை அதிகாரியின் உதவியாளர் வாங்கிப் பழக்கூடையின் மேல் வைத்தார். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

விழா இழுத்துக்கொண்டே போனது. நானும் செயலாளரும் கல்லூரி வாசலுக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. படிக்கட்டுவரை ஆளோடு ஒரு பஸ் வந்தது.

"அந்தப் பொன்னாடைய எடுத்து வீசிக் காட்டு. தலைவருக்காவது நிப்பாட்டுதானான்னு பாப்போம்" என்றாள் அவள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எடுத்து வீசிக் காட்டினேன். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டு போய்விட்டார். வேறொரு பஸ்ஸில் அவள் தொற்றிக்கொண்டு போனபோது நன்றாக இருட்டியிருந்தது. அதன்பிறகு அவள் கல்லூரிக்கு வரவில்லை. அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான்.

படிப்பு முடிந்து சென்னையில் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். தலைமைப் பண்புக்கு உங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றார்கள். அந்த நன்றியுரையைச் சொன்னேன். எல்லோரும் மெச்சித் தலையாட்டினார்கள், வேலையும் கிடைத்தது. பஸ் வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.