தானாக அணையும் நூல்

மார்ச் 12, செவ்வாய். ஏழரைக்கு நெசவுக்கூடத்தைக் கூட்டிவிட்டு, தேயிலைக் கழிவில் சாயம் காய்ச்சினேன். எங்கள் பாட்டன்மார் இந்தியாவில் நெய்த கம்பளியை, இலங்கையின் இந்த நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் நாங்கள் மீண்டும் நெய்கிறோம். புதிய நூல் அசல் ஆட்டுமயிர்தானா என்று பார்க்க, என்னோடு நெய்யும் ராணியக்கா ஓர் இழையைக் கொளுத்தினார். மயிர் கருகும் நாற்றம் வந்தது.

"அசல்தான்டி. பாரு, தானா அணையுது."

தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. கலவரக்காரர்கள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் தீ வைத்தார்கள். மழையில் நனைந்திருந்த தன் கம்பளியில் அப்பா என்னைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார். வாசலில் ஒருவன் கம்பளிமேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். அது கருகி அணைந்தது. மறுபடி கொளுத்தினான். மறுபடியும் அணைந்தது.

"சத்தம் போடாத பாப்பா" என்றார் அப்பா.

பிறகு அவரைக் கத்தியால் வெட்டினார்கள். அப்பா என்மேல் விழுந்தார். அவருடைய இரத்தம் கம்பளியில் ஊறி என் முகத்தில் சூடாக வழிந்தது. அவர்கள் போகும்வரை நான் அழவில்லை.

"இந்த நூலுக்குச் சிவப்பு ஏத்துவோமாடி?" என்று ராணியக்கா கேட்டார்.

"வேணாங்கக்கா. தேயிலை நிறமே இருக்கட்டும்."

மார்ச் 13, புதன். காலையில் முதல் வேலையாக, ஓர் ஆள் ஒரு பிள்ளையைச் சேர்த்துப் போர்த்திக்கொள்ளும் அகலத்துக்குத் தறியில் நூல் கட்டினேன்.