துவக்கு எண்ணெயின் மணம்

“…அந்தத் துவக்கு ஆரையும் சுடுறதுக்கில்லை எண்டு எனக்கும் விளங்குது, இஞ்சாருங்கோ. ஆனா அந்த எண்ணெய் மணம் எனக்கு ஏலாது,” என்றார் அம்மா, அப்பாவிடம்.

நேற்று கார்ல்ஸ்ரூஹே நகரில் சைக்கிள் திருத்தும் கடையில் அதே எண்ணெய் மணந்தது. நாங்கள் ஊர்விட்டு அகதிகளாய் வந்து குடியேறிய அந்த மாடிவீட்டில் நான் மறுபடி ஏழு வயதுப் பிள்ளையானேன்.

கீழ்வீட்டு ஹைன்ஸ் வேட்டைக்காரர். மழையில் நனைந்து வந்தால், தன் உடுப்பை மாற்றுமுன் துவக்கைத்தான் துடைப்பார். எண்ணெய் பூசி, குழல் கீழே பார்க்கப் படிக்கட்டடியில் சாய்த்துவிட்டுப் பக்கத்திலேயே இருப்பார். ஊரில் துவக்கோடு வந்து மாமாவைப் பிடித்துப் போனவர்களிடமும் அதே மணம்தானாம்.

அப்பா போய்ச் சொன்னார். ஹைன்ஸ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்று முதல் தோட்டத்துக் கொட்டிலில் வைத்தே துடைத்தார். அந்தக் கொட்டிலோ ஒழுகும்.

“பாவம் மனுசன். தேப்பன்ர காலத்துத் துவக்காம், ஒழுகுற தண்ணியில கறள் பிடிச்சுப்போச்சு. எங்களை ஒரு சொல்லுச் சொல்லேல்லை,” என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்தபடி.

அடுத்த மழைக்கு, கொட்டிலுக்குப் போன ஹைன்ஸைக் அம்மா கைகாட்டி உள்ளே கூப்பிட்டார். படிக்கட்டடியில் பழைய துவாயொன்றை விரித்துக் கொடுத்தார். பிறகு மேலே ஓடிவந்து, கதவைச் சாத்தி, என்னை மடியில் இறுக்கிக்கொண்டு, மணம் போகும்வரை மூச்சை அடக்கி அடக்கி விட்டார்.