என் மகள் பி.பி.ஏ. சேர்ந்த கதை

ஆரணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு இ-சேவை மையம் நடத்துகிறேன். மே மாதம் வந்தால் படவேடு, சந்தவாசல் பக்கமிருந்தெல்லாம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அப்பாவோடு வந்து நிற்பார்கள். "இன்னா படிக்கப் போற?" என்று கேட்டால் பிள்ளை அப்பாவைப் பார்க்கும், அப்பா என்னைப் பார்ப்பார். நான் ஏதாவது ஒரு படிப்பைச் சொல்ல, சரியென்று தலையாட்டுவார்கள்.

போன வருடம் என் மகளே காமர்ஸ் குரூப்பில் பிளஸ் டூ முடித்தாள். ஒரு மத்தியானம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து மையத்துக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ம்மா, நான் பி.பி.ஏ. படிக்கப் போறேன்."

"பி.காமே போடலாம்னு இருந்தேன். ரெண்டும் ஒண்ணுதானடி?"

"ஒண்ணில்லமா. எனக்குக் கணக்கு எழுதறதவிட, ஒரு பொருள் ஏன் விக்குது, ஏன் விக்கலன்னு தெரிஞ்சிக்கணும்."

என் கணவர் பட்டுச் சேலை வியாபாரி. நெசவாளர்களுக்கு நூலும் ஜரிகையும் கொடுத்துச் சேலையாக வாங்கி, சென்னைக் கடைகளுக்குப் போடுகிறவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"வியாபாரத்த காலேஜுக்குப் போய் கத்துக்கணுமா? எங்கூட கடைங்களுக்கு வா, நான் கத்துத் தரேன்."

"வரேம்பா. லீவுல எல்லாம் வரேன். ஆனா அப்ளை பண்றேன்" என்றாள்.

அவள் கல்லூரி தேடிய விதத்தை நான் அதற்கு முன் எங்கும் பார்த்ததில்லை. விளம்பரப் படங்களை நம்பவில்லை. அந்தந்தக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் பெண்களை இன்ஸ்டாகிராமில் தேடிப் பிடித்தாள். "பாடம் ஒழுங்கா நடத்துறாங்களா அக்கா? ஹாஸ்டல்ல தண்ணி வருதா? இன்டர்ன்ஷிப்னு எங்க அனுப்புனாங்க?" என்று கூச்சமே இல்லாமல் கேட்டாள். விளம்பரப் படத்தில் இருக்கும் நீச்சல் குளம் தங்கள் கல்லூரியுடையதே இல்லை, பக்கத்துக் கட்டடத்துடையது என்று ஒரு பெண் சொல்லிவிட்டாள். அந்தக் கல்லூரி அன்றோடு போயிற்று.

இரண்டு கல்லூரிகள் மிஞ்சின. ஒன்று சென்னையில், ஒன்று கோயம்புத்தூரில். 'இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்று கேட்டு கோயம்புத்தூர் விண்ணப்பத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கை பழகிய வேலை. 'சிறு வயது முதலே வணிகத்தின் மீது எனக்குத் தணியாத ஆர்வம்' என்று தட்ட ஆரம்பித்தேன்.

"இத எல்லாருக்கும் போடுவியேம்மா, நகரு" என்று அழித்துவிட்டு அவளே எழுதினாள்.

அவள் எழுதியது இதுதான்: முந்திய தீபாவளிக்கு அவள் அப்பாவிடம் வெளிர்பச்சைச் சேலைகள் விலைபோகாமல் தங்கிவிட்டன. அவற்றை மொட்டை மாடி வெயிலில் விரித்து வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள். சிலது விற்றது, பலது விற்கவில்லை. மீதி ஏன் விற்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்க வருகிறேன் என்று முடித்திருந்தாள்.

படித்துவிட்டு என் கணவர் முகம் சுளித்தார். "விக்காததப் போய் எவனாவது வெளிய சொல்லுவானா?"

"நடந்தத தானப்பா சொல்றேன்."

கோயம்புத்தூர் நேர்காணலுக்கு நான்தான் கூடப் போனேன். வெளியே பெற்றோர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மற்ற பிள்ளைகள் போன வேகத்தில் வந்தார்கள். இவள் மட்டும் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.

"இன்னாடி கேட்டாங்க?"

"அந்தப் பச்ச சேலையப் பத்தியே பேசிகினு இருந்தாங்கமா. கலர் காரணமா, வெல காரணமான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ரெண்டும் இருக்கலாம், எனக்குத் தெரியலன்னேன்."

போச்சு என்று நினைத்தேன்.

இரண்டு இடத்திலும் சீட் கிடைத்தது. பி.பி.ஏ.வே படிக்கட்டும் என்று என் கணவருக்கு அதற்குள் மனம் மாறியிருந்தது. ஆனால் சென்னைதான் என்று பிடிவாதமாக நின்றார். கிட்டத்தில் இருக்கிறது, சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், கல்லூரி பேரைச் சொன்னால் நாலு பேருக்குத் தெரியும். மகள் அவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள்.

"சென்னையில மூணு வருஷமும் கிளாஸ்தாம்பா. கோயம்புத்தூர்ல ரெண்டாவது வருஷத்துல கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பறாங்க. பேரு வாங்கினு வர்றதா, வேலை கத்துகினு வர்றதா, நீயே சொல்லு."

அவர் விடாமல் குறுக்குக் கேள்வி கேட்டார். சேலை வாங்கும் கடைக்காரர்களிடம் பேசும் அதே குரல். இவள் குரலை உயர்த்தவில்லை, ஒரு கேள்விக்கும் மழுப்பவில்லை. கடைசியில் அவர் எழுந்து சமையலறைக்கு வந்தார்.

"எங்கிட்டயே வித்துட்டா பாத்தியா!" என்றார். தோற்றவர் முகமாக அது இல்லை.

கோயம்புத்தூரில் அவளைச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது பேருந்தில் எனக்குக் கண் கலங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் இருந்தேன். என் கணவர் அடுத்த வரிசைப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டார்.

"பொண்ண பி.பி.ஏ. சேத்துட்டு வர்றோங்க."

"அது இன்னாபா படிப்பு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எம்.பி.ஏ.வுக்குத் தங்கச்சி மாதிரிங்க" என்றார். பிறகு நீச்சல் குளத்தில் ஆரம்பித்து பச்சைச் சேலை நேர்காணல் வரைக்கும், அங்கே தானே கூட இருந்ததுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் திருத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டேன்.