உத்திராபதி பார்க்காத ரீல்

எங்க வூட்டுக்காரரு உத்திராபதிக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்ட வர்றவங்கள விட பலகை படிக்க வர்றவங்கதான் அதிகம். வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தா சாயங்கால ஆட்டத்துக்குப் போவாரு. மறுநாள் காலையில கடை வாசல் கரும்பலகையில அதப்பத்தி அஞ்சாறு வரி எழுதிப் போடுவாரு. கீழப்பழுவூரு, ஏலாக்குறிச்சின்னு டவுன் பஸ்ல வந்து எறங்குற சனம் அதப் படிச்சுட்டுத்தான் தியேட்டருக்குப் போறதா வேணாமான்னு முடிவு பண்ணும். தொண்ணூத்தஞ்சுல ஆரம்பிச்ச பைத்தியம் இது.

சும்மா சொல்லக்கூடாது, எழுத்துல மனுஷன் சுத்தம். தியேட்டர்ல ஓசி பாஸ் குடுத்தப்ப, "ஓசியில பாத்தா உண்மைய எழுத வராதுங்க"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. வருஷம் பொறந்தா டீக்கடை கொளஞ்சியும் ரேஷன் கடை அமிர்தலிங்கமும் கடைக்கு வந்துடுவாங்க. போன வருஷத்துல எது நல்ல படம்னு மூணு பேரும் கத்துற கத்துல தெருநாய் கூட அந்தப் பக்கம் வராது. மூணு பேரும் ஒத்துக்கிட்ட படத்தோட பேரு மஞ்ச சாக்பீஸ்ல பலகையில ஏறும்.

விடிஞ்சா சினிமா, பொழுது போனா சினிமான்னு இருந்தவருதான். ஆனா எங்க ஒத்தப் புள்ள அறிவரசன் பாலிடெக்னிக்க பாதியில விட்டுட்டு, டைரக்டராவறேன்னு மெட்ராசுக்குப் போனப்ப இவருக்கு வந்த கோவத்தப் பாக்கணுமே. "இனிமே அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்"னாரு. ஒம்போது வருஷம் முழிக்கல. அவன் தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போன் பண்ணுவான், நான் போயிப் பேசிட்டு வருவேன். வந்ததும், "ஒழுங்கா சாப்புடுறானாமா"ன்னு சொவத்தப் பாத்துக் கேப்பாரு. நான் வேணும்னே பதில் சொல்லாம அடுப்படிக்குப் போயிடுவேன். பின்னாடியே வருவாரு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம், அப்பனும் மவனும் நேருக்கு நேரா ஒரு வார்த்த பேசிட்டாப் போதும்னு கெடந்தேன்.

ரெண்டாயிரத்தி அஞ்சு மாசி மாசத்துல அவன் எடுத்த படம் வந்துச்சு. படம் வர்றதுக்கு முத நாளே போன் பண்ணான். "அம்மா, அப்பாவ நெனச்சுத்தான் எடுத்திருக்கேன். வெள்ளிக்கிழம அவர் படம் பாக்கட்டும். சனிக்கிழம காலையில பஸ்ல வந்து எறங்கி, பலகையப் படிச்சுட்டு வூட்டுக்கு வரேன்"னான். எனக்குக் காலு தரையில நிக்கல. வெரால் மீனுக்குச் சொல்லி வச்சேன்.

வெள்ளிக்கிழம ஆட்டம் முடிஞ்சு இவரு வந்தாரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. எப்டி இருந்துச்சுன்னு கேட்டதுக்கு, "நல்லாத்தான் பண்ணியிருக்கான்"னு மட்டும் சொல்லிட்டுப் படுத்துட்டாரு.

காலையில போயி பலகையப் பாத்தேன். "பேச்செல்லாம் நம்ம ஊர் பேச்சு. பாக்கலாம். ஆனா வூட்ட விட்டு ஓடுன மவன, மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்ன அப்பன், திடீர்னு ரயிலடிக்கு வந்து கட்டிப் புடிச்சு அழுவுறான். அவன் மன்னிக்கறதுக்குப் படத்துல ஒரு காரணமும் இல்ல" அப்படின்னு எழுதியிருந்தாரு.

"புள்ள வர்ற நேரத்துல இது தேவையா? அந்தக் கடசி வரிய அழிங்க"ன்னேன்.

"ஊருக்கு ஒண்ணு, மவனுக்கு ஒண்ணு எழுதச் சொல்றியா? வரட்டும், நான் அவன்கிட்ட நேர்ல பேசிக்கிறேன்"னாரு.

நேர்ல பேசிக்கிறேன்னு சொன்னாரு பாருங்க, அதுல நான் பலகையவே மறந்துட்டேன். குளிச்சுட்டு நிக்கணும்னு என் கூடவே வூட்டுக்கு வந்துட்டாரு.

மீன் கொழம்பு ஆறிப்போச்சு. அறிவு வரல. கடசில கொளஞ்சிதான் வந்து சொன்னாரு. "தம்பி பஸ்ஸ விட்டு எறங்கி பலகை முன்னாடி ரொம்ப நேரம் நின்னுச்சு அக்கா. அப்புறம் தியேட்டர் பக்கம் போச்சு. திரும்பி வந்து மெட்ராஸ் பஸ்ல ஏறிடுச்சு. கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல." இவரு, "ஒரு விமர்சனம் தாங்காதவன் என்னத்த படம் எடுக்கறான்"னு முணுமுணுத்தாரு. சோத்துத் தட்டுல கை வைக்கல.

அதுக்கப்புறம் பூத்துக்குப் போனும் வரல. அடுத்த வருஷம் பொறந்து நல்ல படம் எதுன்னு பேசுனப்ப கொளஞ்சி, "தம்பி படத்தயும் கணக்குல எடுங்க"ன்னாரு. இவரு முடியாதுன்னுட்டாரு.

அந்தப் பொங்கலுக்கே டிவியில அந்தப் படத்தப் போட்டாங்க. ரெண்டு பேரும் பாத்தோம். இடைவேளைக்கப்புறம் ஒரு எடம் வந்துச்சு. மவன அடிச்சு இழுத்துட்டு வரலாம்னு அப்பன் பட்டணத்துக்குப் போறான். பசிக்குதேன்னு ஒரு மெஸ்ல உக்கார்றான். மேச தொடைக்கிற பையன் அவன் மவன். குனிஞ்ச தல நிமிராம தொடச்சுட்டுப் போறான், அப்பனப் பாக்கல. அப்பன் சாப்பிடாமலே எந்திரிச்சு ஊருக்கு வந்துடறான்.

இவரு, "இது அன்னிக்கு இல்லடி. இது இல்லவே இல்ல"ன்னு எந்திரிச்சுட்டாரு.

எங்க தியேட்டர் சங்கதி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். படம் நீளமா இருந்தா சாயங்கால ஆட்டத்துல ஒரு ரீல ஓட்டாம விட்டுடுவாங்க, இல்லன்னா கிராமத்து சனத்துக்குக் கடசி பஸ் போயிடும். எப்பவும் பாட்டுதான் போகும். போனாலும் இவரு கண்டுபுடிச்சு ஆபரேட்டர்ட்ட கேட்டுட்டுத்தான் எழுதுவாரு. அன்னிக்கு மவன் படம், அழுதுட்டு இருந்திருக்காரு. ஆபரேட்டர் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு ஓடியாந்துட்டாரு. நான் யாரத் திட்டட்டும்? பஸ்ஸ திட்டட்டுமா?

மறுநாளே அமிர்தலிங்கத்தக் கூட கேக்காம மஞ்ச சாக்பீஸ்ல அறிவு படத்தோட பேர எழுதுனாரு. என்னையும் கூட்டிட்டு மெட்ராசுக்குக் கெளம்புனாரு.

முன்ன போன்ல சொன்ன அட்ரஸ்லயே அறிவு ஒரு ஒண்டு ரூம்ல இருந்தான். அடுத்த படம் அமையல, கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுற எடத்துல வேல. எங்களப் பாத்து அவன் மூஞ்சி ஒண்ணும் கோணல. கடையில சாப்பாடு வாங்கியாந்து எல போட்டான். இவரு சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடியே எல்லாத்தயும் கொட்டிட்டாரு. ரீலு, பஸ்ஸு, டிவி, மஞ்ச சாக்பீஸு, எல்லாம்.

"தெரியும்ப்பா. அன்னிக்கே ஆபரேட்டரு சொல்லிட்டாரு"ன்னான் அறிவு.

"அப்புறம் ஏன்டா வூட்டுக்கு வரல? சொல்லியிருந்தா நான் போயி முழுசா பாத்திருப்பேன்ல?"

அப்பன் எலையில அறிவு ரசத்த ஊத்துனான். "அந்த ரீல்ல வர்ற மாதிரி ஒரு காரணம் இல்லாட்டியும் நீங்க என்னய மன்னிப்பீங்கன்னு நெனச்சுட்டுத்தான் வந்தேன்ப்பா. காரணம் இல்லன்னு எழுதியிருந்தீங்க"ன்னான்.

கோவமா கத்தியிருந்தான்னா நான் தாங்கியிருப்பேன். ரசம் போதுமான்னு கேட்டான். இவரு தலையாட்டிட்டு சாப்பிட்டாரு.

திரும்பி வர்றப்ப பஸ்ஸு பெரம்பலூரு தாண்டுச்சு. அப்பத்தான் இவரு, "காரணம் இல்லன்னு எழுதுனது படத்துல வர்ற அப்பனுக்குத்தான் சிந்தாமணி. அவன மன்னிக்க எனக்கு ஒரு காரணமும் வேண்டியிருக்கல"ன்னாரு.

"அத அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொல்ல வரலடி"ன்னாரு.